மஸ்காரா பிரஷ்: நாரை நெருக்கி வைத்தால் மை சீராகப் படியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறையில் சீசா கழுவும் பிரஷ், குழாய் துடைக்கும் பிரஷ் முறுக்கும் சிறு பட்டறை உங்களுடையது. கோயம்புத்தூரில் அழகுசாதனம் தயாரிக்கும் ஒருவர் மஸ்காரா பிரஷ் மாதிரி கேட்டார். இருக்கிற முறுக்கு மெஷினிலேயே சின்ன அளவில் செய்து கொடுத்தீர்கள். சில இமைமுடிகளில் மை திரண்டு நாலைந்து முடி ஒன்றாக ஒட்டிக்கொள்கிறது, பக்கத்திலேயே சில முடிகளில் மையே ஏறவில்லை. நார் அடர்த்தியைக் கூட்டினால் சரியாகுமா என்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் சேர்ந்து கிடக்கின்றன. பிரஷ் எவ்வளவு மையை வெளியே கொண்டுவருகிறது என்பது ஒன்று. கொண்டுவந்ததை முடிக்கு முடி எப்படிப் பங்கிடுகிறது என்பது இன்னொன்று. அடர்த்தியைக் கூட்டினால் இரண்டும் மாறும், ஆனால் ஒரே பக்கமாக மாறாது. அதனால் இப்போதைக்கு அடர்த்தியில் கை வைக்க வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது பிரஷ்ஷைக் கூட அல்ல, குழலின் கழுத்தில் இருக்கும் வைப்பரை. மென்மையான பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ செய்த அந்தச் சிறு வளையத்தின் உதட்டைத் தாண்டித்தான் பிரஷ் வெளியே வருகிறது. எவ்வளவு மை மிஞ்ச வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தத் துளைதான். ஒரு சாதாரண அளவை எடுத்துக்கொள்வோம். நாரை நடுவே வைத்து 0.6 மி.மீ. கம்பி இரட்டையாக முறுக்கியது, நடுத்தண்டு 1.2 மி.மீ.; நார் முனை வரை பிரஷ் விட்டம் 7.5 மி.மீ.; நார் இருக்கும் நீளம் 25 மி.மீ.; வைப்பர் துளை 4.2 மி.மீ. குழலுக்குள் பிரஷ் அடைத்திருக்கும் இடம் சுமார் 1.1 மில்லி. வைப்பரைத் தாண்டும்போது நார் மடங்கி, துளைக்கும் கம்பிக்கும் இடையே உள்ள வளையத்துக்குள் அடங்குகிறது. அந்த வளையத்தின் பரப்பு ஏறக்குறைய 12.7 சதுர மி.மீ. 25 மி.மீ. நீளத்துக்குக் கணக்கிட்டால் 0.3 மில்லிக்குச் சற்று மேல். நாரின் பருமன் இதில் மிகச் சிறிய பங்கு. அதாவது ஏறிய மையில் பெரும்பகுதியை வைப்பர் உள்ளேயே வழித்துவிடுகிறது. வெளியே வருவதற்கு இதுதான் உச்சவரம்பு. இப்போது துளையை 4.2-லிருந்து 4.5 ஆக்கிப் பாருங்கள். பரப்பு 14.8 ஆகிறது, மை 16 சதவீதம் கூடுகிறது. கம்பியை 0.6-லிருந்து 0.7 ஆக்கினாலோ குறைவது 3 சதவீதம் மட்டுமே. உங்கள் பட்டறையில் என்ன மாற்றினாலும், அந்தத் துளையில் 0.3 மி.மீ. பண்ணுகிற வேலைக்கு ஈடாவது கடினம்.

அதனால் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது அவர் பயன்படுத்தும் வைப்பரும் குழலும் மையும். அவை கையில் இல்லாமல் பிரஷ் மட்டும் தனியாக நன்றாக இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. மாதிரியை ஒரு கிண்ணத்தில் இருந்த மையில் தோய்த்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையிலிருந்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். 1950களின் கடைசியில் ஹெலினா ரூபின்ஸ்டைன் நிறுவனம் குழலில் அடைத்து விற்ற மஸ்காராவில் நாரே கிடையாது; வரிப்பள்ளம் வெட்டிய உலோகக் குச்சிதான் இருந்தது. நார் இல்லாமலே வேலை நடந்ததென்றால், பள்ளத்தில் மை தங்குவதும் வெளியே வரும் வழியில் மிச்சம் வழிக்கப்படுவதும்தான் அடிப்படை என்று புரியும்.

மையின் குணமும் இங்கே சேர்கிறது. மஸ்காரா தண்ணீர் மாதிரி தானாக ஓடாது. ஓர் அளவுக்கு மேல் அழுத்தினால்தான் நகரும். நகர ஆரம்பித்ததும் இளகும். விட்டால் மறுபடி இறுகும். தேன்மெழுகு, கார்னவுபா மெழுகு, இரும்பு ஆக்சைடு நிறமி, படலம் உண்டாக்கும் பாலிமர் எல்லாம் சேர்ந்த குழம்பு அது. இந்தக் குணத்தால்தான் நார்களுக்கு நடுவே மை சொட்டாமல் நிற்கிறது. அதே குணத்தால்தான் நாரின் அடிப்பகுதியில் நெருக்கமாகச் சிக்கிய மை வெளியே வரவும் மறுக்கிறது. அடர்த்தி பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

25 மி.மீ. நீளத்தில் 10 முழுச் சுற்று முறுக்கு, சுற்றுக்கு 30 நார், நார் தடிமன் 0.1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாரும் கம்பியின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருப்பதால் பிரஷ்ஷில் இரண்டு புரிகள், அதாவது திருகுபோல் சுற்றும் இரண்டு நார்வரிசைகள், ஒன்றையொன்று தொடர்ந்து சுற்றி வருகின்றன. ஒரு புரியில் ஒரு சுற்றுக்கு 30 முனை. கம்பியை ஒட்டிய இடத்தில் சுற்றளவு 3.8 மி.மீ.; 30-ஆல் வகுத்தால் நாருக்கு நார் 0.126 மி.மீ. நாரின் தடிமனைக் கழித்தால் சந்து வெறும் 0.026 மி.மீ. நாரின் நடுநீளத்தில் சந்து சுமார் 0.36, முனையில் சுமார் 0.69 மி.மீ. ஆக, அடியில் மை ஏறக்குறைய அடைபட்டே கிடக்கிறது. நடுப்பகுதிதான் மை சேமிக்கும் இடம். முனை சீவும் இடம். இப்போது சுற்றுக்கு 60 நார் வைத்தால் அடியில் நாருக்குக் கிடைக்கும் இடம் 0.063 மி.மீ., நாரின் தடிமனோ 0.1. ஒன்றின் மேல் ஒன்று ஏறி இரண்டடுக்காகத்தான் உட்காரும். நடுப்பகுதிச் சந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பிரஷ் கொள்ளும் மை குறைவது ஒருபக்கம். இருக்கிற மையும் முடியிடம் வந்து சேராது. இதைவிடக் கெட்டது, நாரின் மேல் நார் உட்கார்ந்தால் கம்பியின் பிடி இரண்டு அடுக்குக்கும் சமமாகக் கிடைக்காது, நார் உதிரும். கண்ணுக்குப் பக்கத்தில் போகிற பொருளில் நார் உதிர்வதை ஏற்கவே முடியாது.

அப்படியானால் நாலைந்து முடி ஒட்டுவது எதனால்? மேல் இமையில் 90 முதல் 150 முடி வரை இருக்கும், இமை விளிம்பின் நீளம் ஏறக்குறைய 30 மி.மீ. ஒரே வரிசையாக இல்லாமல் முன்பின்னாக இருந்தாலும், பிரஷ்ஷின் பக்கத்திலிருந்து பார்த்தால் சராசரியாகக் கால் மில்லிமீட்டருக்கு ஒரு முடி. மேலே சொன்ன பிரஷ்ஷில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே உள்ள சால் 1.25 மி.மீ. அகலம். ஒரு சாலுக்குள் ஐந்து முடி நுழைகிறது. ஐந்தும் ஒரே மையில் நனைந்து, மேற்பரப்பு இழுவிசையால் ஒன்றோடொன்று சாய்ந்து, காய்ந்ததும் ஒரே குச்சியாகிவிடுகிறது. நீங்கள் சொல்லும் நாலைந்து இதோடு ஒத்துப்போவது தற்செயலாக இருக்காது என்றே நினைக்கிறேன். இன்னொன்றும் கவனியுங்கள். பிரஷ்ஷை இமைக்கு இணையாகப் பிடித்து மேல்நோக்கி இழுக்கும்போது முடி செல்லும் பாதையும் சால் செல்லும் பாதையும் ஏறக்குறைய ஒன்று. முனையருகே சாலின் சாய்வு 6 பாகைதான். முடி சாலுக்குள் புகுந்து சால் வழியே வெளியே வந்துவிடுகிறது, நாரைக் குறுக்கே கடப்பதே இல்லை. இமைமுடியின் அடியில் பிரஷ்ஷை இடவலமாக ஆட்டிவிட்டு மேலே இழுக்கச் சொல்வது இதனால்தான். ஆட்டும்போது முடி நார்வரிசையைக் குறுக்கே கடக்கிறது, பிரிகிறது.

ஆகவே மாற்ற வேண்டியது சாலின் அகலம், அதாவது முறுக்கு. சுற்றை 10-லிருந்து 12 ஆக்கினால் சால் 1.04 மி.மீ. ஆகிறது. ஆனால் 0.6 மி.மீ. கம்பியில் இதைச் செய்தால் கம்பியின் சாய்வு 37 பாகையிலிருந்து 42-க்கு ஏறும். எவர்சில்வர் கம்பி முறுக்க முறுக்க இறுகும் குணமுள்ளது, அந்த அளவில் முறியத் தொடங்கும். 0.5 மி.மீ. கம்பிக்கு மாறினால் 12 சுற்றிலும் சாய்வு பழைய 37 பாகையிலேயே நிற்கும். நார் சுற்றுக்கு 25 அளவில் இருக்கட்டும், மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய அதே 300. கம்பி மெலிந்தால் பிரஷ் எளிதில் வளையும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் முதலில் முயலச் சொல்வது இந்த மாற்றத்தைத்தான். வலப்புரியா இடப்புரியா என்ற பேச்சும் உண்டு. வலது கைக்காரர் பிரஷ்ஷைத் திருப்பிக்கொண்டே இழுக்கும்போது ஒரு புரியில் முடி சாலோடு ஓடும், மறு புரியில் சாலைக் குறுக்கே கடக்கும் என்பது சரியான தர்க்கமே. ஆனால் எல்லோரும் திருப்புவதில்லை, திருப்புகிறவர்களும் ஒரே பக்கம் திருப்புவதில்லை. உங்கள் மெஷினில் திசையை மாற்றுவது சுலபம் என்றால் இரண்டிலும் பத்துப்பத்து செய்து வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

பொருள்கள் விஷயத்தில் சீசா பிரஷ் பழக்கத்தை அப்படியே கொண்டுவரக் கூடாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி அறவே ஆகாது. தண்ணீர் உள்ள மையில் மாதக்கணக்கில் ஊறும், வெட்டிய முனையில் துரு வரும். நன்றாகப் பதப்படுத்தி மென்மையாக்கிய எஸ்.எஸ். 304 வகை எவர்சில்வர் கம்பி வாங்குங்கள். இழுப்பு எண்ணெய் போக கழுவி உலர்த்திய பிறகே மெஷினில் ஏற்றுங்கள். நாரில் சாதா நைலான் 6 தண்ணீரை நிறையக் குடிக்கும், முழுக்க ஊறினால் எடையில் 9 சதவீதம் அளவுக்கு, ஊறியது துவண்டுவிடும். நைலான் 6.12 ஏறக்குறைய 3 சதவீதத்தோடு நின்றுவிடும். பட்டறையில் உலர்ந்த நிலையில் விறைப்பாகத் தோன்றிய பிரஷ் இரண்டு வாரம் கழித்துக் குழலுக்குள்ளிருந்து தொய்ந்து வருவதற்கு இது முக்கியமான காரணம். விறைப்பைத் தடவிப் பார்த்து முடிவு செய்யாமல், மையில் ஒரு வாரம் ஊறவைத்த பிறகு பாருங்கள்.

தடிமன் விஷயத்தில் ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் போதும். நாரின் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிராகக் குறைவது. 0.1 மி.மீ. நாரை 0.125 ஆக்கினால் விறைப்பு சுமார் 2.4 மடங்கு, சீசா பிரஷ்ஷில் போடும் 0.2 மி.மீ. நாரென்றால் 16 மடங்கு. அது இமையோரத்தைக் குத்தும், வைப்பர் உதட்டையும் கிழிக்கும். 0.08-க்கும் 0.12-க்கும் இடையே நில்லுங்கள். மெல்லிய நாரும் சற்றுத் தடித்த நாரும் கலந்து வைப்பதும் வழக்கம்தான். மெல்லியது மை பிடிக்கும், தடித்தது சீவும். நடுவே துளையுள்ள நார், குறுக்குவெட்டில் மூவிதழ் வடிவ நார் எல்லாம் கிடைக்கின்றன. முதல் மாதிரிக்கு வட்ட நாரே போதும். ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று பிடிபடாது.

முறுக்கும்போது கம்பியின் மேல் நீளவாக்கில் ஒரே சீரான இழுவை இருக்க வேண்டும். முறுக்கேற ஏறக் கம்பி குறுகும். கம்பியின் மறுமுனையைப் பிடித்திருக்கும் பின்பிடி நகராமல் இறுகியிருந்தால் கம்பி அறுந்துபோகும், தளர்வாக இருந்தால் ஒரு முனையில் சுற்று நெருங்கி மறுமுனையில் விரியும். பின்பிடியைத் தண்டவாளத்தில் நகரவிட்டு எடைக்கல் தொங்கவிடுவது எளிய, நம்பகமான வழி. நாரை இரு கம்பிக்கு நடுவே பரப்பும்போது ஒரே தடிமனாகப் பரவ வேண்டும். ஒரு இடத்தில் நார் குறைந்தால் முறுக்கிய பிறகு அங்கே வழுக்கை விழும், அந்த இடம் படும் முடிகளுக்கு மையே கிடைக்காது. உங்கள் மாதிரியில் மை ஏறாத முடிகளுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். வெள்ளை விளக்கை பின்னால் வைத்து, பிரஷ்ஷை மெல்ல உருட்டி, பூதக்கண்ணாடியில் பாருங்கள், வழுக்கை இருந்தால் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது கத்தரிப்பு. கத்தி மழுங்கியிருந்தால் நைலான் உராய்வுச் சூட்டில் உருகி முனையில் காளான் குடை மாதிரி தடிக்கும். ஒவ்வொரு நார் முனையிலும் ஒரு சிறு மைத்துளி நிற்கும், அதுவே முடியின் நுனியில் கட்டியாக ஒட்டும். வடிவத்தில் பலரும் தவறுவது பிரஷ்ஷின் நுனியில். நுனியைக் கூம்பாக்கினால் உள் மூலைக் கண்ணிமைக்கு எட்டும் என்பது சரி. ஆனால் கூம்பின் விட்டம் வைப்பர் துளையைவிடக் குறைந்துபோனால் அந்த இடத்தை வைப்பர் தொடவே தொடாது. வழித்த மையெல்லாம் நுனியை நோக்கித்தான் தள்ளப்பட்டு வருகிறது. தொடப்படாத நுனியில் அது உருண்டையாகத் தொங்கிக்கொண்டு வெளியே வரும். துளை 4.2 என்றால் நுனியை 5 மி.மீ.-க்குக் கீழே இறக்க வேண்டாம். நடுவில் ஒடுங்கிய உடுக்கை வடிவத்துக்கும் இதே விதி, இடுப்பு துளையைவிடப் பெரிதாகவே இருக்கட்டும். இன்னொன்று, கம்பியின் வெட்டுமுனை நாரைத் தாண்டி ஒரு நூலளவும் நீட்டக் கூடாது. கடைசி நார்கள் அதை மூடி முன்னே வளைந்திருக்க வேண்டும், வெட்டுப்பிசிர் தேய்த்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். கருவிழி கீறுப்பட்டால் விளையாட்டில்லை. ஒவ்வொரு துண்டையும் கண்ணால் பார்த்தே அனுப்புங்கள்.

மூடியோடு சேர்ந்த தண்டில் கம்பியைச் செருகும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். துளை நடுவில் இல்லாமல் கால் மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும், செருகும்போது கம்பி சற்றுச் சாய்ந்தாலும், பிரஷ் வைப்பரின் ஒரு பக்கமாக உரசிக்கொண்டு வரும். ஒரு பக்கம் வழிக்கப்பட்டு வறண்டிருக்கும், எதிர்ப்பக்கம் மை அப்பியிருக்கும்.

இங்கேதான் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி இருக்கிறது. திட்டு எந்தத் திசையில் என்று முதலில் பாருங்கள். மூடியில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, பத்து முறை எடுத்துப் பார்த்து, எப்போதும் கோட்டின் அதே பக்கமே மை அதிகமென்றால் பிரஷ்ஷோ தண்டோ கோணல். மை அதிகமுள்ள பக்கம் கோட்டோடு வராமல் குழலின் ஒரே பக்கத்தில் நிற்கிறதென்றால் வைப்பர் கோணல். நீளவாக்கில் நுனியிலோ நடுவிலோ மட்டும் என்றால் கத்தரித்த வடிவம். எடுக்க எடுக்க மோசமாகிறதென்றால் மை உலர்கிறது. பிரஷ்ஷை உள்ளே வெளியே என்று குத்திக் குத்தி எடுக்கும் பழக்கம் குழலுக்குள் காற்றை அடைக்கும், மையை உலரவைக்கும். சுழற்றி எடுத்தால் போதும். மாதக்கணக்கில் மெல்ல மோசமாகிறதென்றால் வைப்பர் உதடு தளர்ந்திருக்கிறது. எல்.டி.பி.இ. என்ற மென்மையான பாலித்தீன் பிளாஸ்டிக் உதடு இறுக்கமான தண்டைச் சுற்றியே விரிந்த நிலையில் கிடந்தால் அந்த விரிவிலேயே பழகிவிடும். மூடிய நிலையில் உதடு நிற்கும் இடத்தில் தண்டைச் சற்று மெலியவிடச் சொல்லுங்கள். தண்ணீர்புகா மஸ்காராவில் உள்ள ஐசோடோடெகேன் போன்ற கரைப்பான் எல்.டி.பி.இ.-யை ஊதவைக்கும், அதற்கு நைட்ரைல் ரப்பர் வைப்பர் பொருத்தம்.

அளந்து பார்ப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். மில்லிகிராம் காட்டும் தராசு ஒன்று போதும், நகைப் பட்டறைகளில் இருப்பது மாதிரி. மை நிரப்பிய குழலை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வையுங்கள். குழலை மட்டும், அதாவது பிரஷ் இல்லாமல் எடை போடுங்கள். பிரஷ்ஷைச் செருகி மூடி, ஐந்து நொடி விட்டு, இரண்டு மூன்று நொடியில் ஒரே வேகத்தில் நேராக வெளியே எடுங்கள். மறுபடி குழலை எடை போட்டால் எடைக்குறைவுதான் பிரஷ் கொண்டுவந்த மை. பிரஷ்ஷைத் துடைத்துக் கழுவி உலர்த்திவிட்டு இதையே பத்து முறை செய்யுங்கள். சராசரியைவிட முக்கியம், பத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம். அது சராசரியில் பத்து சதவீதத்துக்குள் அடங்கவில்லையென்றால், முடியில் சீராகப் படியும் என்று எதிர்பார்க்க வழியில்லை. அளவு அடங்கியபின் அட்டையில் ஒட்டிய செயற்கை இமையில் இருபது இழுப்பு இழுத்து, காய்ந்ததும் போட்டோ எடுங்கள். இழுப்பதற்கு முன் எத்தனை தனி முடி, காய்ந்தபின் எத்தனை தனி நுனி என்று எண்ணினால் உங்களுக்கு ஒரு விகிதம் கிடைக்கும். 100 முடியில் 60 நுனி மிஞ்சியது, முறுக்கை மாற்றியபின் 80 மிஞ்சியது என்று வாடிக்கையாளரிடம் எண்ணாகவே காட்டலாம். மனித முடியில் செய்த செயற்கை இமை வாங்குங்கள்; பிளாஸ்டிக் இழை இமை வழவழப்பானது, மை அதில் வேறு மாதிரி ஒட்டும். நார் உதிர்கிறதா என்று பார்க்க, வைப்பர் வழியாக நூறு முறை உள்ளே வெளியே இழுத்துவிட்டு வெள்ளைத் தட்டில் தண்ணீர் வைத்து அலசுங்கள். ஒரு நார்கூட மிதக்கக் கூடாது.

நம் பக்கத்துக் காலநிலை சோதனையில் தானாகவே கை வைக்கும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் 40 டிகிரி தொடுகிறது. தகரக் கூரைக்குக் கீழே அதற்கும் மேல். அந்தச் சூட்டில் தேன்மெழுகு உருகிவிடாது, அதற்கு 62 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் குழம்பு இளகும், எல்.டி.பி.இ. உதடும் மென்மையாகும், இரண்டும் சேர்ந்து அதே பிரஷ் கூடுதல் மையோடு வரும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் வறண்ட கிழக்குக் காற்றில் மை சீவி முடிப்பதற்குள் காய்ந்து திட்டாகும். மழைக்காலத்தில் காய நேரமெடுக்கும், நனைந்த முடிகள் ஒட்டிக்கொள்ள அவகாசம் கூடும். அதனால் ஒப்பிடும் இரண்டு மாதிரிகளை ஒரே நாளில், ஒரே வேளையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். ஆள் வைத்துப் பார்க்கும்போது இன்னொன்றும் கேளுங்கள். எண்ணெய்க் குளியல் வாரத்தில் இரண்டு மூன்று முறை, இமைக்கு விளக்கெண்ணெய் தடவுவது, வீட்டில் செய்த கண்மை எழுதுவது எல்லாம் எல்லையின் இரண்டு பக்கமும் வழக்கம். இமைமுடியில் எண்ணெய்ப் படலம் இருந்தால் தண்ணீர் சேர்ந்த மை அங்கே ஒட்டாது. மை ஏறாத முடி என்று நீங்கள் சொல்வதில் ஒரு பங்கு இதுவாக இருந்தால், பிரஷ்ஷை எத்தனை முறை மாற்றினாலும் தீராது.

வார்ப்பு பிளாஸ்டிக் பிரஷ்ஷுக்கு மாறலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். அதில் பல்லுக்குப் பல் இடைவெளியை நாமே தீர்மானிக்கலாம், முடி நன்றாகப் பிரியும். ஆனால் மை குறைவாகத்தான் பிடிக்கும், அடர்த்தியான தோற்றம் எளிதில் வராது. அடியில் அரை மில்லிமீட்டருக்குள், நுனியில் அதிலும் பாதி என்ற அளவில் நூற்றுக்கணக்கான பல் குழிகளை எஃகில் எடுக்க வேண்டும். குழியின் நுனியில் சிக்கும் காற்று வெளியேற வழியில்லையென்றால் பல் முழுதாக நிரம்பாமல் குட்டையாக வரும். இதற்காகவே அச்சை ஒரே கட்டியாகச் செய்யாமல் மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்வார்கள், தகடுகளின் சந்து வழியே காற்று போகும். அச்சு சேரும் கோட்டில் பிசிர் வந்தால் அதுவும் கண்ணைக் குத்தும். அச்சு வெட்டும் கோயம்புத்தூர் டூல் ரூம்களில் இந்த வேலைக்கு ஆள் உண்டு, ஆனால் செலவு பெரியது, ஒருமுறை வெட்டிய அச்சில் சாலைக் கூட்டிக் குறைத்துப் பழக முடியாது. 2018-ல் ஷனேல் நிறுவனம் நைலான் தூளை லேசரால் இளக்கி ஒட்டவைத்து அச்சே இல்லாமல் பிரஷ் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த முறையில் மாதிரி மட்டும் செய்து பார்க்கலாம், மேற்பரப்பின் சொரசொரப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். உங்களுக்கு முறுக்கு மெஷின் இருக்கிறது, கை பழகியிருக்கிறது. கம்பி பிரஷ்ஷிலேயே நில்லுங்கள் என்பேன்.

இதுவரை சொன்னதில் வைப்பர் பரப்பு, சராசரி நார்ச் சந்து, விறைப்பு விதி, பொருள்களின் குணம் ஆகியவை உறுதியானவை. ஆனால் நார்கள் கணக்கில் வருவது போல ஒழுங்காக நிற்பதில்லை, கொத்துக் கொத்தாகச் சாயும். ஆகவே சால் 1.25-லிருந்து 1.04 ஆனால் ஒட்டுவது எத்தனை சதவீதம் குறையும் என்பதைக் கணக்கால் சொல்ல முடியாது, மேலே சொன்ன எண்ணும் சோதனைதான் சொல்லும். கண் எரிச்சல், ஒவ்வாமை பற்றிய கேள்விகள் கண் மருத்துவருக்கும் மையைத் தயாரிப்பவருக்கும் உரியவை. மை தயாரிப்பவர் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி உரிமம் பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சோதனை முடியாத மையை வீட்டாரின் கண்ணில் போட்டுப் பார்க்க வேண்டாம். ஒரே பிரஷ்ஷை இருவர் பயன்படுத்தவும் கூடாது.

அடுத்த மாதிரி அனுப்பும்போது வாடிக்கையாளரோடு ஒரு வரைபடத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கம்பி தடிமன், நாரின் வகையும் தடிமனும், 25 மி.மீ.-க்கு எத்தனை சுற்று, சுற்றுக்கு எத்தனை நார், தண்டோரம் நடு நுனி மூன்றிலும் விட்டம், தண்டுக்குள் போகும் கம்பி நீளம், வைப்பர் துளையின் அளவும் அதில் ஏற்கக்கூடிய ஏற்றத்தாழ்வும், பத்து எடுப்பின் சராசரி எடையும் அனுமதிக்கும் வித்தியாசமும் இருக்கட்டும். வைப்பர் வேறு இடத்திலிருந்து வருவதால், ஒவ்வொரு பெட்டியிலும் பத்து வைப்பரின் துளையைப் பின் கேஜ் (அளவு துல்லியமான உருளைக் குச்சி) விட்டுப் பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்; வெர்னியர் அளவுகோலின் முனை மென்மையான உதட்டை அழுத்தித் தவறான அளவு காட்டும்.